25 மதிப்பெண்ணுக்கு எந்தப் பதக்கம்? கணிதப் போட்டிகளில் அங்கீகாரம் பிரிக்கும் விதம்

ஜூலை மாதம் வந்தால் சர்வதேச கணித ஒலிம்பியாட் செய்தியும் வந்துவிடும். 2024இல் இங்கிலாந்தின் பாத் நகரில் இந்திய அணி 4 தங்கம், 1 வெள்ளி, 1 கௌரவக் குறிப்பு வாங்கி 4ஆம் இடம் பிடித்தது. 2025இல் ஆஸ்திரேலியாவின் சன்ஷைன் கோஸ்டில் 3 தங்கம், 2 வெள்ளி, 1 வெண்கலம், 7ஆம் இடம். அப்படியானால் சறுக்கிவிட்டோமா?

ஆறு பேரின் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்தால் கதை தலைகீழாக இருக்கிறது. 2024இல் 167, 2025இல் 193. இந்தியா 1989இல் இந்தப் போட்டிக்குப் போகத் தொடங்கியதிலிருந்து அதுவரை எடுத்த அதிகபட்சம் அந்த 193தான். 2024இல் முதலிடம் பிடித்த அமெரிக்காவின் மொத்தமே 192. முந்தைய ஆண்டின் முதலிடத்தைவிட ஒரு மதிப்பெண் கூடுதலாக எடுத்த அணி 7ஆம் இடத்தில் நிற்கிறது.

இதற்கு நடுவில் செயற்கை நுண்ணறிவு 'தங்கம் வென்றது' என்று ஒரு செய்தி. அப்புறம் தெருமுனைப் பள்ளி வாசலில் ஒரு ஃபிளெக்ஸ்: மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு 'ஒலிம்பியாட் தங்கம்' கழுத்தில். எல்லாம் ஒரே தங்கம்தானா? யார் கொடுக்கிறார்கள், எதை எண்ணிக் கொடுக்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தால்தான் குழப்பம் தீரும்.

போட்டியின் கட்டமைப்பு

1. சர்வதேச கணித ஒலிம்பியாட் 1959இல் ருமேனியாவில் 7 நாடுகளுடன் தொடங்கியது. 1980 தவிர எல்லா ஆண்டும் நடந்திருக்கிறது. 1996இல் மும்பையில் நடந்தது.
2. ஒரு நாட்டிலிருந்து அதிகபட்சம் 6 பேர். 20 வயதுக்கு உட்பட்டவர்கள்; கல்லூரியில் சேர்ந்திருக்கக் கூடாது.
3. இரண்டு நாள் தேர்வு. ஒரு நாளில் 3 கணக்கு, நாலரை மணி நேரம். கணக்குக்கு 7 வீதம் மொத்தம் 42 மதிப்பெண்.
4. இது தனிநபர் போட்டி. 4ஆம் இடம், 7ஆம் இடம் என்பதெல்லாம் ஆறு பேரின் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்துச் சொல்லும் அதிகாரபூர்வமற்ற கணக்கு.

நாலாவதைத்தான் செய்திகள் வழக்கமாக விட்டுவிடுகின்றன. தரவரிசை தலைப்புச் செய்திக்கு வசதி, அவ்வளவுதான்.

பங்கு பிரிக்கிற கணக்கு

ஓட்டப்பந்தயத்தில் முதலில் வருபவர் ஒருவருக்குத்தான் தங்கம். இங்கே அப்படியில்லை. விதி இதுதான்: கலந்துகொண்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பதக்கம், அந்தப் பாதிக்குள் தங்கம், வெள்ளி, வெண்கலம் 1:2:3 என்ற விகிதத்தில். அதாவது பன்னிரண்டில் ஒருவருக்குத் தங்கம், ஆறில் ஒருவருக்கு வெள்ளி, நாலில் ஒருவருக்கு வெண்கலம்.

ஒவ்வொரு பதக்கத்துக்குமான கட்-ஆஃபை, எல்லா விடைத்தாளும் திருத்தி முடித்த பிறகு, நாடுகளின் அணித் தலைவர்கள் அடங்கிய நடுவர் குழு கூடி முடிவு செய்யும். பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் பார்த்துப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. தாள் கடினமானால் கட்-ஆஃப் இறங்கும், எளிதானால் ஏறும்.

2025இல் தங்கத்துக்கு 35, வெள்ளிக்கு 28, வெண்கலத்துக்கு 19. 2024இல் அதே வரிசையில் 29, 22, 16. 2017இல் பிரேசிலின் ரியோவில் 25, 19, 16.

இப்போது 25 மதிப்பெண் எடுத்த ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 2017இல் அவருக்குத் தங்கம். 2024இல் வெள்ளி. 2025இல் வெண்கலம். மதிப்பெண் அதேதான், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் கேள்வித்தாளும் மாறியதில் பதக்கத்தின் நிறம் மாறிவிட்டது. 2017 தாள் எவ்வளவு கடினம் என்றால், கண்ணுக்குத் தெரியாத முயலை வேட்டைக்காரர் துரத்துகிற மாதிரியான அதன் மூன்றாம் கணக்கில் 615 பேரில் 608 பேர் பூஜ்யம். முழு மதிப்பெண் வாங்கியவர்கள் இரண்டே பேர்.

விகிதமும் கச்சிதமாக அமையாது. 2024இல் கலந்துகொண்டவர்கள் 609 பேர். பன்னிரண்டில் ஒரு பங்கு என்றால் சுமார் 51 தங்கம் வர வேண்டும், கொடுத்தது 58. ஒரே மதிப்பெண்ணில் நிற்பவர்களை வெட்டிப் பிரிக்க முடியாது; கோட்டை எங்கே போட்டாலும் அங்கே நிற்கிற எல்லாரும் உள்ளே வந்துவிடுவார்கள் அல்லது வெளியே போய்விடுவார்கள்.

இயந்திரத் 'தங்கத்தின்' பொருளும் இதிலிருந்தே கிடைக்கிறது. 2025இல் கூகுள் டீப்மைண்டும் ஓப்பன்ஏஐயும் உருவாக்கிய செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் ஆறில் ஐந்து கணக்குகளைப் போட்டு 35 எடுத்தன; அது சரியாக அந்த ஆண்டின் கட்-ஆஃப். முந்தைய ஆண்டு டீப்மைண்டின் அமைப்பு எடுத்தது 28, தங்கத்துக்கு ஒரு மதிப்பெண் குறைவு. அதற்கும் கணக்குகளை மனிதர்கள் கணினி சரிபார்க்கக்கூடிய முறைசார் மொழிக்கு மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. சில விடைகளுக்கு மூன்று நாள் வரை ஆயிற்று. இவை 'தங்கத் தரம்' என்ற ஒப்பீடுகள். பதக்கம் என்னவோ பள்ளி மாணவர்களுக்கு மட்டும்தான்.

ஏழில் எத்தனை?

ஒலிம்பியாடில் விடைக்கு மட்டும் மதிப்பெண் கிடையாது. நிரூபணத்துக்குத்தான். இதைச் சின்ன உதாரணத்தில் பார்க்கலாம். (இது ஒலிம்பியாட் தரத்துக்கு ரொம்ப எளிது, திருத்தும் விதம் புரிவதற்காக.)

கணக்கு: n என்ற எந்த முழு எண்ணுக்கும் n³ − n என்பது 6ஆல் வகுபடும் என்று நிறுவுக.

முதல் மாணவர் n = 2 போட்டு 6, n = 3 போட்டு 24, n = 4 போட்டு 60 என்று பத்து வரை சரிபார்த்து, 'எனவே நிறுவப்பட்டது' என்று எழுதுகிறார். பூஜ்யம். பதினோராவது எண்ணுக்கு என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லையே.

இரண்டாமவர் n³ − n = (n − 1) n (n + 1) என்று பிரித்து, அடுத்தடுத்த எண்களில் ஒன்று இரட்டை எண் என்பதால் 2ஆல் வகுபடும் என்று காட்டி நிறுத்திவிடுகிறார். உருப்படியான ஒரு படி ஏறியிருக்கிறார். கொஞ்சம் மதிப்பெண் உண்டு.

மூன்றாமவர் அதே பிரிப்பைச் செய்து, அடுத்தடுத்த மூன்று எண்களில் ஒன்று 3இன் மடங்காக இருந்தே தீர வேண்டும், 2க்கும் 3க்கும் பொதுக் காரணி இல்லை, எனவே 6ஆல் வகுபடும் என்று முடிக்கிறார். மூன்றே வரி. முழு 7.

உண்மையான போட்டியில் இந்தப் பாதி மதிப்பெண்களைச் சுற்றித்தான் பெரிய உழைப்பு நடக்கிறது. மாணவர்கள் தங்கள் தாய்மொழியிலேயே எழுதலாம். முதலில் அந்தந்த நாட்டின் அணித் தலைவரும் துணைத் தலைவரும் தாளைப் படிக்கிறார்கள். பிறகு, போட்டி நடத்தும் நாடு நியமித்த ஒருங்கிணைப்பாளர்களோடு ஒரு மேசையில் உட்கார்ந்து, கசங்கிய கரட்டுத் தாள் உட்பட எல்லாவற்றையும் விரித்து வைத்து, 'இந்த வரியில் பையன் சொல்ல வருவது இதுதான்' என்று வாதாடுகிறார்கள். இரு தரப்பும் ஒத்துக்கொண்ட எண்தான் மதிப்பெண். அதனால்தான் அணித் தலைவர் வேலைக்குக் கணிதப் புலமையோடு, பிள்ளையின் கிறுக்கலில் இருந்து யோசனையைக் கண்டெடுக்கும் பொறுமையும் வேண்டும்.

ஒரே ஒரு கணக்கை முழுதாகப் போட்டவருக்கு

கௌரவக் குறிப்பை நம் செய்திகள் 'ஆறுதல் பரிசு' போல எழுதுகின்றன. தவறு. பதக்கக் கட்-ஆஃபை எட்டாதவர், ஏதாவது ஒரு கணக்கில் முழு 7 எடுத்திருந்தால் கௌரவக் குறிப்பு உண்டு. பதக்கம் மற்றவர்களோடு ஒப்பிட்டுக் கொடுப்பது. இதற்கு மட்டும் பக்கத்து இருக்கைக்காரர் எத்தனை எடுத்தார் என்பது பொருட்டே இல்லை. உலகின் மிகக் கடினமான பள்ளித் தேர்வில் ஒரு கணக்கை ஓட்டையில்லாமல் முடித்திருக்கிறாய், அது போதும் என்கிறது விதி. இருக்கிற விதிகளில் ஆகச் சிறந்தது இதுதான் என்று சொல்வேன். முதன்முறையாக அணி அனுப்பும் சிறிய நாடுகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, அரிதான சிறப்புப் பரிசு. ஒரு கணக்கை அசாத்திய அழகோடு போட்டாலோ நல்ல முறையில் பொதுமைப்படுத்தினாலோ கொடுப்பார்கள். 1980களின் தொடக்கம் வரை அடிக்கடி கொடுத்தார்கள். பிறகு 1995இல் பல்கேரிய மாணவர் ஒருவருக்கும், 2005இல் மெக்சிகோவின் மெரிடாவில் மால்டோவா மாணவர் ஒருவருக்கும் கொடுத்தார்கள். 'அழகு' என்று எதைச் சொல்வது என்பதில் சண்டை வருவது இயல்பு. எண்ணிப் பார்க்க முடியாததைப் பரிசாக்குவது நடுவர்களுக்குச் சங்கடம்.

வெண்கலத்தையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். டெரன்ஸ் டாவ் 1986இல் பத்து வயதில் வாங்கியது வெண்கலம். அடுத்த ஆண்டு வெள்ளி, அதற்கடுத்த ஆண்டு தங்கம். டெல்லியில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த அக்ஷய் வெங்கடேஷ் 1994இல் பன்னிரண்டு வயதில் வாங்கியதும் வெண்கலம்தான். இருவருமே பின்னாளில் கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றார்கள்.

அதே மூன்று எழுத்து, வேறு தேர்வு

இப்போது ஃபிளெக்ஸுக்கு வருவோம். சர்வதேச கணித ஒலிம்பியாடின் சுருக்கம் ஐஎம்ஓ. அதே மூன்று எழுத்துச் சுருக்கத்தோடு, பள்ளிகள் வழியாகக் கட்டணம் வாங்கி நடத்தும் தனியார் தேர்வும் நாட்டில் இருக்கிறது. அதில் தப்பில்லை; பிள்ளைகளுக்குப் பயிற்சியாகவும் அமையலாம். ஆனால் கொள்குறி வினாவில் வகுப்பு முதலிடத்துக்குக் கிடைக்கும் தங்கமும் மேலே சொன்ன தங்கமும் வேறு வேறு. வீட்டுக்கு வரும் சான்றிதழைப் படிக்க நாலு கேள்வி போதும்:

1. எந்தக் கூட்டத்தில் முதல்? வகுப்பிலா, பள்ளியிலா, மாநிலத்திலா?
2. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் எழுதினார்கள்?
3. விடையைக் குறித்தாரா, நிரூபணம் எழுதினாரா?
4. இதற்கு அடுத்த படி எது? அடுத்த படியே இல்லாத தேர்வு என்றால் சான்றிதழோடு கதை முடிந்தது.

பள்ளிக்குள்ளேயே ஒரு பரிசு என்பதும் கேவலமல்ல. பிரிட்டனின் தேசியக் கணிதப் போட்டிகளில் 'பள்ளியில் முதல்' என்று தனிச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். மாநில அளவில் பெயர் வராத ஊர்ப் பள்ளிப் பிள்ளைக்கு அது பெரிய தூண்டுதல். 'பள்ளியில் முதல்' என்று வெளிப்படையாக எழுதியிருப்பதுதான் அதன் நேர்மை.

இந்திய ஏணியும் அதன் பலனும்

உண்மையான ஐஎம்ஓவுக்கு இந்தியாவிலிருந்து போகும் வழி ஒன்றுதான். முதல் படி ஐஓக்யூஎம் என்ற தகுதித் தேர்வு: 3 மணி நேரம், 30 வினா, 100 மதிப்பெண். ஒவ்வொரு விடையும் 00 முதல் 99 வரையுள்ள ஓர் எண். இதுவரை விடை போதும். அடுத்து மண்டல அளவிலான ஆர்எம்ஓ. இங்கேதான் நிரூபணம் தொடங்குகிறது. 3 மணி நேரத்தில் 6 கணக்கு. பிறகு தேசிய அளவிலான ஐஎன்எம்ஓ. நாலரை மணி நேரம். அதில் தேறியவர்களுக்குப் பயிற்சி முகாம். முகாமில் நடக்கும் தேர்வுகளில் இருந்து கடைசி ஆறு பேர். மும்பையின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இந்த ஏணியின் மேல் படிகளை நடத்துகிறது. பின்னால் நிற்பது அணுசக்தித் துறையின் கீழுள்ள தேசிய உயர் கணித வாரியம்.

பள்ளியில் நூற்றுக்கு நூறு எடுக்கும் பிள்ளைகள் ஐஓக்யூஎம் தாண்டி ஆர்எம்ஓவில் தடுமாறுவது ஏன் என்று பெற்றோர் கேட்பதுண்டு. விடையிலிருந்து நிரூபணத்துக்குத் தாவுகிற இடம் அது. n = 10 வரை சரிபார்த்து நிறுத்திய அந்த முதல் மாணவர் பல வீடுகளில் இருக்கிறார்.

பலன் என்ன? நெடுங்காலம் பதக்கம் ஒரு பெருமை மட்டும்தான். ஐஐடி போக ஜேஇஇ தனியாக எழுதியாக வேண்டும். கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் புள்ளியியல் நிறுவனம் ஐஎன்எம்ஓவில் தேறியவர்களை எழுத்துத் தேர்வு இல்லாமல் நேர்காணலுக்கு அழைத்து வந்தது ஒரு விதிவிலக்கு. 2025-26 கல்வியாண்டில் ஐஐடி மெட்ராஸ் 'ஸ்கோப்' என்ற பெயரில் ஒலிம்பியாட் மாணவர்களுக்குத் தனி வழியைத் திறந்தது: இதில் சேரும் பாடப்பிரிவு ஒவ்வொன்றிலும் கூடுதலாக 2 இடம், அதில் 1 மாணவியருக்கு. கான்பூரும் அதே ஆண்டு ஒலிம்பியாட் வழியைத் தொடங்கியது.

இது நல்ல செய்திதான். ஆனால் கூடவே ஒரு விளைவும் வரும். சீட் கிடைக்கும் என்றதுமே கோச்சிங் வரும். கோச்சிங்குக்குப் பணம் வேண்டும். போட்டி யாருக்குத் திறந்திருக்கிறது என்பதே மாறிவிடும். இதற்கு நேர் எதிர்த் திசையில் நிற்பது தமிழ்நாடு முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு. ஒலிம்பியாட் அல்ல, கணிதத்தோடு அறிவியல், சமூக அறிவியலும் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டுமானது. தேர்வாகும் 1000 பேருக்குப் பட்டப்படிப்பு வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். எந்தக் கூட்டத்துக்குள் போட்டி என்பதை முதலிலேயே வகுத்துவிட்டால் பரிசு போய்ச்சேரும் இடமும் மாறுகிறது.

ஆசிரியர் எந்தக் கட்டத்தில் வருகிறார்?

ஐஎம்ஓவின் அதிகாரபூர்வ ஆவணங்களில் 1959 முதல் போட்டியாளர்களின் பெயர்கள், பெரும்பாலும் எந்தக் கணக்கில் எத்தனை மதிப்பெண் என்பதோடு, இருக்கின்றன. அணித் தலைவர், துணைத் தலைவர் பெயர்களும் உண்டு. பள்ளி ஆசிரியருக்கென்று ஒரு கட்டம் கிடையாது. காரணமில்லாமல் இல்லை:

1. பங்கைப் பிரிக்க முடியாது. எட்டாம் வகுப்பில் ஆர்வம் ஊட்டிய டீச்சர், முகாமில் சொல்லிக்கொடுத்த பேராசிரியர், கோச்சிங் மையம், வீட்டில் அப்பா. பதக்கத்தில் யாருக்கு எவ்வளவு?
2. மதிப்பெண்ணை வைத்து ஆசிரியரைப் பாராட்டினால், நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கும் பள்ளிக்கே விருது போகும். அங்கே வடிகட்டல் நடந்ததா, கற்பித்தல் நடந்ததா என்று எண் சொல்லாது.

அமெரிக்கக் கணிதச் சங்கம் கொடுக்கும் ஈடித் மே ஸ்லிஃப் விருது இந்தச் சிக்கலோடுதான் வாழ்கிறது. கலிஃபோர்னியாவின் எமரிவில் ஊரில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் விட்டுச்சென்ற பணத்தில் உருவானது. 1950இல் தொடங்கிய அமெரிக்கக் கணிதப் போட்டிகளில் நன்றாகச் செய்யும் பள்ளிகளின் ஆசிரியர்களைத் தேடிப் போகிறது. பிள்ளைகளின் மதிப்பெண்ணே அடிப்படை என்பதால் இரண்டாவது குறை அதற்கும் உண்டு. இருந்தாலும், விருதுக்குப் பணம் வைத்தவரே ஒரு வகுப்பறை ஆசிரியை என்பதைக் கவனிக்கலாம். அவருக்குத் தெரிந்திருக்கிறது யாரை மறக்கிறார்கள் என்று.

வேறு வழியும் இருக்கிறது. 1984இல் தொடங்கிய தேசியக் கணிதப் போட்டிகளின் உலகக் கூட்டமைப்பு, ஹங்கேரியக் கணித மேதை பால் ஏர்டிஷ் பெயரில் ஒரு விருது கொடுக்கிறது. பதக்க எண்ணிக்கையை அது பார்ப்பதில்லை. நல்ல கணக்குகளை உருவாக்கி, போட்டிகளைக் கட்டி வளர்த்து, கணிதக் கல்வியை வளப்படுத்தியவர்களைத் தேடுகிறது. குறை என்னவென்றால், இந்த அளவுகோல் போட்டி அமைப்பாளர்களைத்தான் எட்டும். மதியம் மூன்றாவது பீரியடில் கரும்பலகை முன் நிற்பவரை எட்டாது. என்னைக் கேட்டால், இந்த ஆண்டு முதன்முறையாக எத்தனை பிள்ளைகளைப் போட்டி எழுத வைத்தார், அவர்களில் எத்தனை பேர் ஒரு நிரூபணத்தை முழுதாக எழுதினார்கள் என்று எண்ணலாம். கௌரவக் குறிப்பின் அதே தர்க்கம். எண்ணுவது கடினமும் இல்லை.

நம் பக்கத்தில் ஆசிரியர்களே நடத்தும் போட்டி ஒன்று உண்டு. சென்னையில் 1965இல் தொடங்கிய இந்தியக் கணித ஆசிரியர்கள் சங்கம் தேசியக் கணிதத் திறன் போட்டியை நடத்துகிறது. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கணித மேதையின் பெயர்: ஐந்து, ஆறாம் வகுப்புக்குக் காஸ்; பதினொன்று, பன்னிரண்டுக்கு ராமானுஜன். ஏழு, எட்டாம் வகுப்புக்கு வைத்திருக்கும் பெயர் கப்ரேகர்.

அவர் பள்ளி வாத்தியார். மகாராஷ்டிரத்தில் நாசிக் பக்கத்து தேவ்லாலியில் 1930 முதல் 1962 வரை பாடம் நடத்தினார். நாலு இலக்கத்தில் ஏதாவது ஓர் எண்ணை எடுங்கள். நாலு இலக்கமும் ஒன்றாக மட்டும் இருக்கக் கூடாது. 3524 என்று வையுங்கள். இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, ஏறு வரிசையில் எழுதியதைக் கழியுங்கள்: 5432 − 2345 = 3087. திரும்பவும்: 8730 − 0378 = 8352. திரும்பவும்: 8532 − 2358 = 6174. அதற்கு மேல் எத்தனை முறை செய்தாலும் 6174தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிக்குள் அங்கேதான் வந்து நிற்கும்.

கல்லூரி மாணவராக இருந்தபோது, 1927இல், கப்ரேகருக்கு ராங்லர் பராஞ்பே கணிதப் பரிசு கிடைத்தது. உலகம் அவர் பெயரைப் பரவலாக அறிந்தது 1975இல், கணிதப் புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் ஓர் அமெரிக்க இதழின் பத்தியில் அவரைப் பற்றி எழுதியபோது. அதற்குள் அவர் ஓய்வுபெற்றுப் பதின்மூன்று ஆண்டு ஆகியிருந்தது.